மூன்றாவது சீசனில் விரிசல் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கதவு திறக்க மறுத்தது. பூட்டு திறந்துவிட்டது. கதவுதான் நிலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தோளைக் கொடுத்து இரண்டு தள்ளு தள்ளியதும் கீழே சிமெந்தில் உரசிக்கொண்டு பாதி திறந்தது. ஐப்பசி மழையில் பலகை ஊதுவது புதினமில்லை. ஆனால் இது தகரக் கதவு. தகரம் ஊதி நான் பார்த்ததில்லை.

"என்னா டீச்சர், காலங்காத்தால கதவோட சண்ட புடிக்கிறீங்க?" என்று பின்னால் வந்தார் பெரியாயி அக்கா. எனக்கு உதவிக்கு இருப்பவர். தாய்மார் பெரட்டில், காலை ஆள்கணக்கில், பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும்போது பத்தொன்பது பிள்ளைகளை எங்கள் இருவரிடமும் விட்டுப் போவார்கள். பெரியதுகளுக்குப் பாய். கைக்குழந்தைகளுக்குக் கூரை வளையிலிருந்து வரிசையாகத் தொங்கும் ஏழு துணித் தொட்டில்கள். பின்சுவரை ஒட்டிய ஏழாவது தொட்டில் மாரியாயியின் மகளுக்கு. அந்தத் தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரியாக என் இரண்டு விரல் புகும். தினமும் துணி மாட்டும்போது விரல் அங்கே போய் உரசுவதால் எனக்கு அந்த அளவு தெரியும்.

பாயை விரிக்கக் குனிந்தபோது தரையில் அந்தக் கோட்டைக் கண்டேன். தலைமயிர் தடிப்புத்தான். பின்சுவரின் அடியில் தொடங்கி ஏழாவது தொட்டிலுக்குக் கீழே வந்து நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் வேறொன்றும் இல்லை, மலைதான்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு முதலில் பயம் வரவில்லை, கெயிரா ஞாபகம் வந்தாள். 'வளையம்' என்று ஒரு ஆங்கிலத் தொடர், தமிழ்க் குரலோடு போனில் வருகிறது. பூமியை விட்டுப்போன நாலாயிரம் பேர், வானத்தில் சுற்றும் ஒரு பெரிய சக்கரத்துக்குள் வரிசை வரிசையான அறைகளில் வாழ்கிறார்கள். ஓர் அறையில் இருமினால் அடுத்த அறையில் கேட்கும். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் விளங்க விஞ்ஞானம் வேண்டியதில்லை. கெயிரா அங்கே குழாய் திருத்துகிறவள். ஒருநாள் சுவரில் ஒரு கோட்டைக் காண்கிறாள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் திகதி எழுதுகிறாள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். மேலே இருப்பவர்கள் ஒருவரும் காது கொடுப்பதில்லை. முதல் சீசன் முழுக்க இவ்வளவுதான். நான் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அட்டனில் நான் படித்த பாலர் கல்வி டிப்ளோமாவில் கற்றுக்கொடுக்காத ஒன்றை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்: சின்னதைக் கவனிப்பதும் ஒரு வேலைதான்.

பிறகு மூன்றாவது சீசன் வந்தது. எடுக்கிற ஆட்கள் மாறினார்கள், வெடிச்சத்தம் கூடியது. கடைசிப் பாகத்தில், விரிசலே இல்லையாம். கெயிராவுக்கு மூளையில் ஏதோ கோளாறாம். கண்ணாடிகளை அவளே உடைத்துவிட்டு மறந்துபோனாளாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தன் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூளை அவள் குனிந்து பார்க்கும் காட்சியை அந்தப் படுபாவிகள் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். திட்டிக்கொண்டே ஐந்து முறை பார்த்தேன்.

அப்புத்தளையில் போன் கடை வைத்திருக்கும் மிப்ரான் நானா நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் எங்களைப் போல இருநூறு பைத்தியங்கள் இருக்கிறோம். அவர் மூன்றாவது சீசன் கட்சி. "ஒரு மனுசிக்குப் பிழை வரப்படாதா டீச்சர்? அவ எப்பவும் சரியாத்தான் ஈக்கணும்டு யாரு செல்லிய?" என்று குரல் செய்தி போடுவார். நான் பதிலுக்கு ஐந்து நிமிடம் பேசுவேன். 'வளையம்' பற்றி யாராவது ஒரு சொல் பிழையாகச் சொன்னால் நிரஞ்சலா டீச்சர் விடமாட்டாள் என்று குழுவில் பெயர்.

அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது. கோட்டைக் கண்ட அந்தக் காலையில் அதைப் படம் பிடித்து, யாருக்கு அனுப்பினேன்? தோட்டத்து அலுவலகத்துக்கு, அந்தக் கந்தோருக்கு அல்ல. குழுவுக்கு. 'மூன்றாவது சீசன் பக்தர்களே, இதுவும் என் மூளைக் கோளாறா?' என்று மேலே எழுதினேன். மதியத்துக்குள் யாரோ படத்துக்குப் பக்கத்தில் கெயிராவின் முகத்தை ஒட்டி, தொடரின் இசையையும் சேர்த்துவிட்டார்கள். மாலைக்குள் அது பதுளை வரைக்கும் சுற்றியது. எண்பத்து மூன்று பேர் இருதயம் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை துணி மாட்டும்போது தொட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இறுகிப்போய்த்தான் புகுந்தது. அன்று பின்னேரமே அப்புத்தளைக்கு பஸ் ஏறினேன்.

விசயத்தைக் கேட்டு மிப்ரான் நானா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் லாச்சியைத் திறந்து, போன்களிலிருந்து கழற்றிய பழைய டெம்பர் கண்ணாடிகளில் கீறல் இல்லாத நான்கைத் தேடி எடுத்துத் தந்தார். "கெயிராக்கே இப்படி ஒன்டு கெடைக்கல்ல" என்றார். பசை அவர் கடையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை கோட்டின் குறுக்கே ஒட்டிய முதல் கண்ணாடி சனிக்கிழமை உடைந்தது. "நம்ம துஷாந்தினி குதிச்சிருப்பா டீச்சர்" என்றார் பெரியாயி அக்கா. மூன்று வயது துஷாந்தினி நடக்கவே மாட்டாள், குதிப்பாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டாவதை அன்றைக்கே ஒட்டினேன். அது ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நாளில் உடைந்தது. எலி என்றார் அக்கா. அன்றே மூன்றாவதை ஒருவருடைய காலும் படாதபடி, சுவரோடு போட்டிருக்கும் அலுமாரிக்கு அடியில் கோடு போகும் இடத்தில் ஒட்டினேன். திங்கட்கிழமை காலை அதுவும் இரண்டாகக் கிடந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

கந்தோரில் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னத்துரை, இருந்தார். இளம் ஆள், நல்ல மாதிரி. போனை நீட்டினேன். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது வாட்ஸ்அப்ல வந்த படமாச்சே. நீங்களா போட்டது? எனக்கும் அந்த மூணாவது சீசன் புடிக்கல டீச்சர்."

"சார், இது நெசமான தரை. நம்ம பிள்ளக்காம்பரா."

"தெரியும், தெரியும். பழைய கட்டடம்னா கோடு விழும்தானே. மேசன் ஒருத்தர அனுப்புறேன்."

படத்தை மறுபடியும் பார்த்து மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருக்குக் கொடுத்தது நான்தான். எழுதிய கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேசன் வந்து கோட்டைக் கொத்திச் சிமெந்து பூசினார். வழவழவென்று, கோலம் போடலாம் போல இருந்தது. பூசி மூடினால் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "தெரியக் கூடாதுன்னுதானே டீச்சர் பூசுறது" என்றார். அவர் போனதும், சுவர் ஓரமாகச் சிமெந்து ஈரம் காய்ந்திருந்த இடத்தில் கடைசிக் கண்ணாடியை ஒட்டினேன். அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை.

புதன் காலை பத்து மணி. பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தார்கள். தகரத்தில் மழை. அதற்கு நடுவில் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா, இன்றைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். குனிந்து பார்த்தேன். கண்ணாடி இரண்டாகியிருந்தது. புதுச் சிமெந்தில் மயிர்க்கோடு ஓடியிருந்தது.

யாரிடமும் கேட்கவில்லை. பெரியதுகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கச் சொல்லி, கைக்குழந்தைகளை நானும் அக்காவும் மூன்று நடையாகத் தூக்கி, மழையில் பெரட்டுக்களத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டோம். கண்ணாடித் துண்டை ஆதாரத்துக்குப் பெயர்த்தெடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

செய்தி மலைக்கு ஏறியது. தாய்மார் கொழுந்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பிள்ளைகளை வாரி எடுத்து உச்சி மோந்தார்கள். அப்புறம் திரும்பிப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்தார்கள். அது குத்துக்கல்லாட்டம் நின்றது. ஒரு தகரம் நகரவில்லை. மண் சரிவது இந்தப் பக்கத்தாருக்குத் தெரியாததல்ல. இந்த வருடம் மட்டும் மூன்று முறை மூட்டை கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய்ப் படுத்துவிட்டு, ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தவர்கள். ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்தான் டீச்சர், பாதிச் சம்பளம் போச்சு. என்னாத்துக்கு இப்புடி?"

சின்னத்துரை குடையோடு வந்தார். நான் கையை நீட்டினேன். பெருவிரல் வெட்டுப்பட்டு இரத்தம் வந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார். அவரும் கடைசிப் பாகம் வரைக்கும் பார்த்தவர்.

"கண்ணாடி உங்க கையிலதானே டீச்சர் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க. சாவிய பெரியாயிகிட்ட குடுங்க."

வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை, தோட்டத்தில் வேலை இல்லை. நாள் முழுக்க லயத்து வாசலில் உட்கார்ந்து கீழே அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் பெயர்த்தேனா? பெயர்க்கும்போது உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா? முன்பேதான். கண்ணால் பார்த்தேன். கெயிராவும் அப்படித்தான் சொன்னாள். மழை வலுக்க வலுக்க எனக்குள் ஓர் ஆசை எழும்பியது. இடிந்து விழட்டும். இன்றைக்கே, உள்ளே ஒருவரும் இல்லாதபோது விழட்டும். பிள்ளைகளுக்காக மட்டும் அப்படி நினைத்தேன் என்றால் பொய். நான் சொன்னது சரி என்று ஆகவேண்டும் என்பதற்காகவும் நினைத்தேன். நினைத்த பிறகு என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பின்னேரம் மிப்ரான் நானா அழைத்தார். முதல் மூன்று கண்ணாடிகளையும் உடைந்து ஒட்டியிருந்தபடியே எடுத்த படங்களை அவருக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். வழக்கமான சிரிப்பு இல்லை.

"டீச்சர், நான் நாளொன்டுக்கு இருவது கிளாஸ் ஒட்டுறவன். கால் பட்டா, கல்லுப் பட்டா, அது சிலந்தி வல மாதிரி வெடிக்கும். இது மூணும் கத்தியால வெட்டின மாதிரி ஒரே நேருக்கு ஈக்கு. ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்தாத்தான் இப்படி வரும்." குரலைத் தாழ்த்தினார். "மூணாவது சீசன் எனக்கும் புடிக்கல்ல. உங்களோட சண்ட கொளுவுறதுக்குத்தான் அப்படிக் கதைச்ச. புள்ளைகள உள்ளுக்கு விடாதீங்க."

சாவி என்னிடம் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பெரட்டு முடிந்து தாய்மார் பிள்ளைகளோடு இறங்கி வந்தார்கள். பெரியாயி அக்காவும் அவர் மருமகனும் சேர்ந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் நின்றேன். வருகிறவர்களிடமெல்லாம் வேண்டாம் என்றேன். "நேத்தும் முந்தாநாளும் ஒன்னும் ஆகலயே டீச்சர்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் நோயாளியைக் கடப்பது போல என் கண்ணைப் பார்க்காமல் கடந்தார்கள். துஷாந்தினி மட்டும் என் சேலையைத் தட்டிவிட்டு உள்ளே குதித்துப் போனாள்.

கடைசியாக மாரியாயி. மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் படியில் நின்றாள்.

"டீச்சர், நீங்க போன்ல பாப்பீங்களே, அந்தக் கத. அதுலயும் ஒரு பொண்ணு இப்புடித்தான் சொல்லிக்கிட்டே இருக்குமாமே. கடைசியில என்னாங்க ஆச்சு?"

மூன்று வருடமாக இருநூறு பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன். கதையில் இல்லாத ஒரு வரியை நான் சொன்னதுமில்லை, சொல்ல விட்டதுமில்லை.

"இடிஞ்சிருச்சு" என்றேன்.

"எல்லாருமா?"

"பெரிய ஆளுங்க தப்பிச்சிட்டாங்க. தூங்கிக்கிட்டு இருந்த புள்ளைங்கதான்."

மாரியாயி என் முகத்தையே பார்த்தாள். பிறகு மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த படியிலேயே லயத்துக்கு ஏறிப் போனாள். மேலே தாய்மார் வரிசையாக மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். இருந்த ஒரே பொய்யையும் ஒருத்தியிடம் செலவழித்துவிட்டேன்.

உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா தடுக்கவில்லை. ஆறு தொட்டில்களையும் ஆட்டிவிட்டு, தாலாட்டைப் பாதியில் நிறுத்தி, பின்சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே ஏழாவது தொட்டிலுக்குப் போய், வழக்கம் போல இரண்டு விரலை நீட்டினேன். புக இடமில்லை. வெறும் தொட்டில் ஆடாமல், அசையாமல், நேராகத் தொங்கியது. சுவர்தான் அதன் பக்கத்துக்கு வந்திருந்தது.