கூடையில் போன நேர்த்தி

எனக்கு பைபாஸ் செய்த அன்று மனிசி மனோரஞ்சிதம் ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள். நான் பிழைத்தால் கேதார்நாத்துக்கு என் காலால் நடந்து வருவேனாம். என்னைக் கேட்கவில்லை. மயக்கத்தில் கிடந்தவனை எப்படிக் கேட்பது?

நாங்கள் இருக்கிற டென்மார்க் பிரெடெரிசியாவில் மலைக்கு எங்கே போவது? சனிக்கிழமைகளில் காரெடுத்துப் போய் ஹிம்மல்பியர்கில் ஏறிப் பழகினோம். டேனிஷ்காரருக்கு அது பெரிய மலை. நூற்றைம்பது மீற்றர்கூட வராது. உச்சியில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். கோடை முழுவதும் இளைக்காமல் ஏறினேன். இனி எந்த மலையும் ஏறலாம் என்று நினைத்தேன். விசரன்.

கௌரிகுண்டில் கேதார்நாத் நடைபாதை தொடங்கும்போதே, முதுகில் பிரம்புக்கூடையோடு ஒரு நேபாளி பின்னால் வந்தான். மெலிந்தவன், ஐம்பது வயதிருக்கும். பெயர் தன்பகதூர். நடக்க ஏலாதவர்களைச் சுமப்பது தொழில். பையைப் பறித்துக்கொண்டு ஓடுவான் என்று நினைத்துக் கைத்தடியை ஆட்டித் துரத்தினேன். பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தான்.

லிஞ்சோலி தாண்டியதும் எனக்கு மூச்சு ஏறவில்லை. கல்லில் இருந்துவிட்டேன். கோயிலுக்கு இன்னும் நாலு கிலோமீற்றர்.

"கூடையில ஏறுங்கோ," என்றாள் மனோரஞ்சிதம்.

"காலால எண்டெல்லோ நேர்த்தி வைச்சனி?"

"அதை நான் சிவனோட கதைக்கிறன். நீங்கள் ஏறுங்கோ."

கூடையில் ஏறினவன் பின்பக்கம், வந்த வழியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். நான் பஸ்ஸில்கூட அப்படி இருந்தவனில்லை. கீழே பள்ளத்தில் மந்தாகினி ஆறு இரைந்தது. அவன் எங்கே கால் வைக்கிறான் என்று தெரியாமல் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு தரமும் சறுக்கவில்லை. என் மூச்சுச் சத்தம் மாறினால் நின்றான். எஸ்பியர்க் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் மீன்பெட்டி தூக்கினவன் நான். இப்படிச் சுமக்கிறவனை அங்கே ஒருநாளும் காணவில்லை.

திடீரென்று நின்று, தான் வந்த வழியைப் பார்க்கும்படி முழுதாகத் திரும்பினான். அப்போதுதான் கோயில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கருங்கல் கோயில். பின்னால் மலை முழுக்கப் பனி. நான் லேசில் எதையும் மெச்சமாட்டேன். கைதான் தானாகக் கும்பிட்டது.

வாசல் வரிசைக்குக் கிட்ட இறக்கிவிட்டான்.

"நேர்த்தி பிழைச்சுப்போச்சு," என்றேன்.

"இரண்டு கால் நடந்துதானே வந்தது. ஆரின்ர கால் எண்டு சிவன் கேக்கமாட்டார்," என்றாள் அவள்.

"கேப்பார்."

தன்பகதூர் வெறுங்கூடையோடு கீழே இறங்கப் புறப்பட்டான். உள்ளே போவதில்லையா என்று கையால் கேட்டேன். கூடையில் வருகிறவர்கள்தான் உள்ளே போவார்கள், தான் வாசலோடு திரும்பிவிடுவதாகக் காட்டினான். அவன் முதுகிலிருந்து கூடையைக் கழற்றி மனோரஞ்சிதத்திடம் கொடுத்தேன். அவன் கையைப் பிடித்து இழுத்து, வரிசையில் எனக்கு முன்னால் நிற்கவைத்தேன்.

"நடந்து வந்தவன் முதலில போகட்டும்."