அரிசி டிரம்மில் வைத்த போன்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்த வசந்தகுமாரியின் வீட்டில், அந்த ஆடி மாதத்திலிருந்து, மகள் எழிலின் போனில் மாலைதோறும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் வடிந்தது. சார்ஜ் போடும் துளை வழியாக வடியும். அலமாரியில் வைத்தால் அலமாரி நனையும், பாயில் வைத்தால் பாய். ரயில்வே கேட்டருகே போன் ரிப்பேர் கடை வைத்திருந்த உதயகுமார் அதைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஈரமே இல்லை. மூடி மேசைமேல் வைத்ததும் வடிந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தான். “இன்னாக்கா, பீச்சுல உட்டு எடுத்துகினு வந்தியா?” என்றான். “போர்டு நல்லாத்தான் கீது. அரிசில பொதச்சி வையி, இஸ்துக்கும்.” நனைந்த போனை அரிசியில் வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வசந்தகுமாரி ரேஷன் அரிசி டிரம்மில் புதைத்துவைத்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் சோற்றுக்கு உப்புப் போடத் தேவைப்படவில்லை.

அந்தப் போனில் ஒரு செயலி இருந்தது. எழில் படித்த கல்லூரியில் முந்தைய வருடம் ஒரு மாணவன் தன்னை மாய்த்துக்கொண்டான். அதற்குப் பின் பிள்ளைகளின் மனநிலையைக் கவனிக்க வேண்டும் என்று நிர்வாகம் எல்லோருடைய போனிலும் அதைப் போடச் சொன்னது. தினமும் மாலை ஏழு மணிக்குத் திரையில் ஐந்து முகங்கள் வரும். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். இன்றைக்கு எப்படி இருக்கிறாயோ அந்த முகத்தைத் தொட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டாலும், எதையும் தொடாமல் விட்டாலும், மறுநாள் பெற்றோரை வரச்சொல்லி அழைப்பு வரும். எழில் தொடாமல் விட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வசந்தகுமாரி வேலை பார்த்த கம்பெனியில் லீவு போட்டவளை உற்பத்தி லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒருத்தி ரயிலைத் தவறவிட்டால் அவள் வருகைக் கார்டை இன்னொருத்தி மெஷினில் தட்டிவிடுவாள். அது அங்கே உதவி. பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அதே பழக்கத்தில் வசந்தகுமாரி மகளுக்கும் தட்டினாள். “நீ பட்த்துக்க. உன்க்கு நான் போட்டுர்றேன்” என்று சொல்லி, டிரம்மிலிருந்து போனை எடுத்து, சிரிக்கிற முகத்தைத் தொட்டு, மறுபடியும் புதைத்துவைப்பாள். எழில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கார்த்திகையில் கல்லூரி அவளுக்கு மகிழ்ச்சியான மாணவி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது. எழில் அதைக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டாள்.

எழில் அழுது யாரும் பார்க்கவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. பக்கத்து வீட்டு கெங்கம்மாள், “உன் பொண்ணு ஊட்ல கீதா இல்லியான்னே தெர்லடி. தங்கமான பொண்ணு” என்றாள். வசந்தகுமாரிக்கு அது பெருமையாக இருந்தது.

மாசி மாதம் ஒரு மாலை அவள் டிரம்முக்குள் கைவிட்டபோது அரிசி காய்ந்திருந்தது. போனை உதறிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. இத்தனை மாதமாக இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். இரண்டு அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள், உப்பு இல்லை. திரையில் ஐந்து முகங்களும் வந்து நின்றன. விரல் சிரிக்கிற முகத்தருகே போய்த் தயங்கியது. திரும்பினாள். பாய் சுருட்டியிருந்தது. எழிலின் செருப்பு வாசலில் கிடந்தது.

“டேஷனாண்ட போச்சு, வெறுங்கால்ல” என்றாள் கெங்கம்மாள். “கூப்ட்டேன். சிரிச்சிகினே போச்சு.”

பிளாட்பாரம் சரிந்து தண்டவாளத்தில் இறங்கும் கடைசியில் எழில் உட்கார்ந்திருந்தாள். வசந்தகுமாரி மூச்சு வாங்க அருகில் போய் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி பண்ற இங்க?”

“சும்மாம்மா. காலி வண்டிங்கோ ஷெட்டுக்குப் போவுது பாரு.”

வசந்தகுமாரி போனை மகளின் உள்ளங்கையில் வைத்தாள். “நீ போடு.”

“நீதான டெய்லி போடுவ.”

“தெரியாம போட்டுகினு இருந்தேன். நீயே போடு எழிலு.”

எழில் ஐந்து முகங்களையும் பார்த்தாள். கடைசி முகத்தைத் தொட்டாள்.

“காலேஜ்ல கூப்டுவாங்க. உன்ன லைன்லந்து தூக்கிருவாங்கோ.”

“தூக்கட்டும். இன்னாடி ஆச்சு உன்க்கு?”

“கேக்காதம்மா. எனக்கே தெர்ல.”

“சரி. கேக்கல. எந்திரி, ஊட்டுக்குப் போலாம்.”

அப்போது போனிலிருந்து தண்ணீர் வடிந்தது. எழிலின் மணிக்கட்டில் இறங்கி, பிடித்திருந்த வசந்தகுமாரியின் விரல்களையும் நனைத்தது. அவள் துடைக்கவில்லை. விடவும் இல்லை.

மறுநாள் கல்லூரியில் கூப்பிட்டார்கள், வசந்தகுமாரி லீவு போட்டுப் போனாள். கம்பெனியில் லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா நெடுநேரம் பேசி மாத்திரை எழுதினார். சில மாதங்கள் நன்றாகப் போயின, சில போகவில்லை. எழில் ஒரு வருடம் பிந்திப் படிப்பை முடித்து, ஆவடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். செயலியை எடுத்தாகிவிட்டது, போனையும் மாற்றியாகிவிட்டது. புதுப் போனும் வடிந்தது. மாலையில் வசந்தகுமாரி அதன் கீழே டம்ளரை வைத்து, ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோல் விரலில் தொட்டு நாக்கில் வைப்பாள்.

“எப்டி கீது?” என்று எழில் கேட்பாள்.

“நேத்துக்கு இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தி. வா, பக்கத்துல குந்து.”

போனை அரிசியில் வைப்பதை விட்டுவிட்டதால், சோற்றுக்கு மறுபடியும் உப்பு வாங்க வேண்டியிருந்தது.