ஓரம் அடிக்காத வலை

மாப்பிள்ளைக்கு நேரே நின்று பேசும் வழக்கம் மாரக்காளுக்கு இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் புருஷன் சாமியப்பனைப் பார்த்துச் சொல்வாள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். வீட்டுக்குள் இது சரிதான். மங்கலத்துக் குளத்தின் நடுவில், ஒரே பரிசலில், முழங்காலோடு முழங்கால் இடிக்க மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். புருஷனோ கரையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு நிற்கிறார். இப்போது யாரைப் பார்த்துச் சொல்வது?

"பரிசல்ல எந்திரிச்சு நிக்கக் கூடாதுங்க" என்று துடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"பரவால்லீங்க அத்தே, நான் மெஷின்கிட்ட நாள் பூராவும் நின்னு பழகுனவனுங்க" என்றார் தங்கவேலு.

மகள் மயிலாளை நல்லூரில் கட்டிக்கொடுத்து ஆறேழு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். தங்கமான மனசு. ஆனால் உலகத்தில் எந்த வேலையைப் பார்த்தாலும் அதைத் தன் மெஷினில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிற மனுஷர்.

போன மாதம் மயிலாள் வந்தபோது ஒரு பேச்சைச் சொன்னாள். "மீன்காரங்க ஊட்டுல பொண்ணெடுத்தும் எங்க சட்டி இன்னும் ஒரு மீனைப் பாக்கலியே" என்று மாமியார்க்காரி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்ன பெண், முந்தானையால் கண்ணைத் துடைத்ததை மாரக்காள் பார்த்தாள். குளத்தில் ஒரு கிழட்டுக் கட்லா மீன் உண்டு. அதன் முதுகைப் பார்க்காதவர் ஊரில் இல்லை, பிடித்தவரும் இல்லை. அதுதான் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினாள்.

தண்ணீர் வற்றிவிட்டது. நாளைக்குத் தமுக்கடித்து ஊரே கூடைகளோடு குளத்தில் இறங்கும். அப்புறம் எந்த மீன் யார் வீட்டுச் சட்டிக்கு என்று யார் கண்டது? ஆக, இன்றைக்கு விட்டால் இல்லை.

இன்றைக்கென்று பார்த்து வந்து நிற்கிறது மாப்பிள்ளையின் வலை. மாமியார் உட்கார்ந்து கிழிசலுக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்து மனசு கேட்கவில்லையாம். அளவுக்கு என்று பழைய வலையை வாங்கிப் போனவர், கண்ணி பெரிதாக விழ மெஷினில் ஊசிகளைக் குறைத்துவிட்டு, நைலான் நூலில் ஒரே ஓட்டமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூப்போல இருந்தது, மெஷின் எண்ணெய் வாசத்தோடு. காலையில் மாரக்காள் அதை வெளிச்சத்தில் பிடித்து முடிச்சைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

"ஏனுங்க, இதுல முடிச்சே இல்லீங்களே" என்றாள் சாமியப்பனிடம்.

"பனியன்ல முடிச்சு இருக்குதுங்களா அத்தே?" என்றார் மாப்பிள்ளை.

"அதானே" என்றார் சாமியப்பன். மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைக் குளத்தில் போட்டு அலசினாலும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடிப்பவர் அவர்.

"நம்ம பழைய வலை எங்கீங்க?"

"கம்பெனியிலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க அத்தே. பத்திரமா இருக்குதுங்க."

பத்திரமாக இருக்கிறதாம். மாரக்காளுக்குத் தலையைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்குள் விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்த வலையைத்தான் இறக்கினாள். மேல்கயிற்றைப் பரிசலில் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வாய் ஓயவில்லை. மெஷினின் ஊர், பேர், அதன் கோளாறுகள் எல்லாம் கட்லாவுக்கே பாடமாகியிருக்கும். திடீரென்று மேல்கயிறு விண்ணென்று இழுபட்டுப் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. அதேதான், கிழடுதான். மாரக்காள் கயிற்றைப் பற்றினாள். அப்போதுதான் தண்ணீருக்குள் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

வலையின் அடியோரத்தில் நூல் நுனி விடுபட்டு, பழைய பனியன் பிரிவதுபோல வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டிருந்தது.

"ஓரம் அடிக்கலீங்களா?" என்று துடுப்பிடம் கேட்டாள்.

"ஓரம் அடிக்கறது தையல் செக்‌ஷன் வேலைங்க அத்தே. நம்மளது நிட்டிங்குங்க."

சொல்லிக்கொண்டே வலையைப் பிடிக்க எழுந்து குனிந்தார். பரிசல் கவிழப் பார்த்தது. ஒரு பானைத் தண்ணீர் உள்ளே வந்தது. மயிலாளின் மானம், சம்பந்தியின் பேச்சு, முடிச்சில்லாத வலை எல்லாம் சேர்ந்து மாரக்காளின் தொண்டைக்கு ஏறிவிட்டன.

"டேய், உக்காருடா."

தங்கவேலு உட்கார்ந்தார். மெஷின் பேச்சும் நின்றது.

அந்த நிம்மதியில்தான் மாரக்காளுக்கு நூல் கண்ணில் பட்டது. அது தொய்ந்து கிடக்கவில்லை, விறைப்பாக நின்றது. நுனி மீனின் செவுளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே நூலில் போட்ட வலை. பிரியப் பிரிய அது தூண்டில் கயிறாகிக்கொண்டிருந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நூலைப் பிடித்தாள். மீன் ஓடினால் விட்டாள், ஓய்ந்தால் இழுத்தாள். பரிசல் கிறுகிறுவென்று சுற்றியது. நூல் முந்தானையையும் அறுத்து உள்ளங்கையில் இறங்கியது. மேல்கயிற்றில் நாலு விரல் அகலத்துக்கு வலை மிச்சம் இருந்தபோது கட்லா வயிற்றைக் காட்டியது. செவுளில் கைவிட்டுத் தூக்கிப் போட்டாள். மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. அவர் குழந்தையைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மாப்பிள்ளை வலையில உழுந்துருச்சு பாத்தீங்களா" என்று சாமியப்பன் எல்லோருக்கும் சொன்னார்.

"அந்த வலையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் ஒருவர்.

தங்கவேலு மாமியாரைப் பார்த்தார். மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தாள். வலையின் கதையை அவள் சொன்னால், பரிசலில் கேட்டதை அவர் சொல்லலாம். மாப்பிள்ளையை 'டா' போட்டது நல்லூருக்குத் தெரிந்தால், குளத்து மீன் மொத்தத்தையும் அனுப்பினாலும் அது தீராது. அந்த வீட்டில் வாழப்போவது மயிலாள். மாரக்காள் நூல் குவியலைக் காலால் பரிசலில் கிடந்த சாக்குக்கு அடியில் தள்ளினாள்.

"ரொம்ப நல்ல வலைங்க" என்றாள். உள்ளங்கை எரிந்தது, வயிறு அதைவிட எரிந்தது.

"அது தொழில் ரகசியமுங்க" என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

மாப்பிள்ளையோடு வந்திருந்த மயிலாள், ஊர் திரும்பும் பஸ்ஸில் ஈரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக மாரக்காள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு தனியாக வந்தார், கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு.

"எங்கம்மா தெருவெல்லாம் சொல்லி முடிச்சாச்சுங்க. தலையை மட்டும் தனியாக் கொழம்பு வெச்சாங்க. மயிலாளைத்தான் மொதல்ல திங்கச் சொன்னாங்க" என்றார்.

மாரக்காள் வலைக் கதை, ஓரக் கதை எல்லாவற்றையும் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள்.

"உங்க வலைங்க அத்தே" என்று அவர் பெட்டியைத் திறந்தார்.

வருஷா வருஷம் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு, நூல் இற்றுப்போகாமல், மீன் கண்ணுக்கும் தெரியாமல், சேற்று நிறத்துக்குக் கொண்டுவந்திருந்த வலை. இப்போது புதுப் பனியன்போல வெள்ளை வெளேரென்று மடித்து இருந்தது.

"பனியனோட சேத்துப் பிளீச்சிங்குக்குப் போட்டனுங்க. எத்தனை வருஷத்து அழுக்குங்க அத்தே, இப்பத்தான் போச்சு."

மாரக்காள் ஒரு கண்ணியில் விரலை விட்டு இழுத்தாள். பஞ்சுபோலக் கையோடு வந்தது.

"என்ன வெளுப்பு பாரு புள்ளே" என்றார் சாமியப்பன்.

மாரக்காள் வழக்கம்போலப் புருஷன் பக்கம் திரும்பினாள். பிறகு மாப்பிள்ளைக்கு நேரே திரும்பினாள்.

"உக்காருடா" என்றாள்.

தங்கவேலு உட்கார்ந்தார். பக்கத்தில் சாமியப்பனும் உட்கார்ந்துவிட்டார்.