பதினேழில் நின்ற கணினி

ரெசிஃபெ நகரின் மீனவர் குப்பமான பிரசீலியா தெய்மோசாவில், கடலைப் பார்த்த மூன்றாவது சந்தில் சிப்பி உரித்துப் பிழைத்தவள் இவோனில்டா. வேலை முடிந்து, எலுமிச்சை தேய்த்துக் கை கழுவியதும் கணினியில் கார்ப்பந்தயம் ஆட உட்கார்ந்துவிடுவாள். போன ஆண்டு ரெசிஃபெ நகரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். அப்போதுதான் ஜெனிவால்டோவின் கண் அவள்மேல் விழுந்தது.

பாலத்துக்கு அந்தப்பக்கம் விளையாட்டுக் கணினிக்கடை வைத்திருந்த அவன்தான் இந்த ஆண்டுப் பந்தயத்தை நடத்தினான். வீட்டிலிருந்தே ஓடலாம், ஆனால் கணினி நொடிக்கு முப்பது படமாவது காட்டவேண்டும் என்பது விதி. சனிக்கிழமை மதியம் சோதிக்க வந்தவன், திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, பதினேழு! கார் ஓடுதா, நண்டு நடக்குதா?"

"நேத்து வரைக்கும் சமாளிச்சேன்ல?"

"பந்தயத்துல முடியாது. பேசாம என் கடையில வந்து உக்காருங்க. புது மெஷின் தர்றேன், எங்க கடைப் பனியனைப் போட்டுக்கிட்டு ஓடினா போதும்."

"உன் பனியனை மாட்டிக்கிட்டு ஓடுறதுக்கு நான் ஓடாமலே இருந்துடுவேன்."

"அப்ப மெஷினை ஓட்டுற அந்த லினக்ஸ் சிஸ்டத்தைத் தூக்கிக் கடல்ல போடுங்க. அதுல போய் யாராச்சும் கேம் ஆடுவாங்களா?"

"மெஷினும் மாறாது, லினக்ஸும் மாறாது. நாலு மணிக்கு வந்து பாரு."

"வந்து?"

"வாடா, சொல்றேன்ல!"

அவன் தலை மறைந்ததும் தங்கை ஜொசிநெய்டு அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "வீறாப்பாப் பேசிட்ட. என்னக்கா செய்யப்போற?"

"தெரியலடி."

உண்மையிலேயே தெரியவில்லை. விளையாட்டில் மரங்களைக் குறைத்தாள், தண்ணீரின் பளபளப்பை எடுத்தாள், கடைசியில் எல்லாவற்றையுமே அடிமட்டத்துக்கு இறக்கினாள். எண் பதினெட்டைத் தாண்டவில்லை. ஆத்திரத்தில் மேசையில் ஓங்கிக் குத்தினாள். குத்திய கை அப்படியே நின்றது.

"இவ்வளவு குறைச்சும் ஏறலைன்னா கோளாறு விளையாட்டுல இல்லடி. வேற எதுவோ நடுவுல உக்காந்து தின்னுது."

வேறு என்ன ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, முழுத்திரையில் இருந்த விளையாட்டைச் சிறிய சன்னலாக்கி ஓரமாக இழுத்தாள். சன்னல் ஜெல்லி மாதிரி குலுங்கியது. மூலையில் எண் ஒன்பதுக்கு விழுந்தது. விட்டாள்: பதினேழு. மறுபடி இழுத்தாள்: ஒன்பது.

அந்தக் குலுக்கலை அவளேதான் ஆசைப்பட்டு வைத்திருந்தாள். கணினி வந்த அன்று குலுங்கும் சன்னல், நிழல், திரையடியில் கண்ணாடி போன்ற பட்டை, பெட்டியாய்ச் சுழலும் திரை என்று இருந்த அலங்காரம் அத்தனையையும் போட்டு, சந்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது புரிந்தது. விளையாட்டு வரையும் படம் நேராகத் திரைக்குப் போகவில்லை. ஒவ்வொரு படத்தையும் அலங்காரம் வாங்கி, ஜோடித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. பழைய கணினிக்கு இரட்டை வேலை.

"அதையெல்லாமா எடுக்கப்போற? அந்தச் சுத்துற பெட்டி எவ்வளவு அழகு!" என்றாள் ஜொசிநெய்டு.

இவோனில்டாவுக்கும் மனம் கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை திரையைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு அமைப்புகளைத் திறந்து, காட்சி விளைவுகள் என்றிருந்ததை மொத்தமாக அணைத்தாள். திரை ஒருகணம் இருண்டு மீண்டது. நிழல்கள் போயின, பட்டை வெறும் சாம்பல் நிறமானது. விளையாட்டைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நான்கு மணிக்கு வந்த ஜெனிவால்டோ நம்பவில்லை. கணினியை அணைத்துப் போடச் சொன்னான். தானே மூன்று சுற்று ஓட்டினான். எண் ஐம்பத்தொன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை.

"திரை ஏன்க்கா இப்படி மொட்டையா இருக்கு?"

"பொண்ணு பாக்கவா வந்தே? எண்ணைப் பாரு."

அவன் பட்டியலை எடுத்து, "எந்தக் கடை அணி பேர்ல எழுத?" என்று முனகினான்.

"கடையும் இல்ல, கிடையும் இல்ல. பிரசீலியா தெய்மோசான்னு எழுது. கொட்டை எழுத்துல."

எழுதினான்.

ஞாயிறு மதியம் நடந்த பந்தயத்தில் பக்கத்து ஊர் ஒலிண்டாவைச் சேர்ந்த ஒரு தபால்காரி, கடைசி வளைவில் அரைக்கார் நீளத்தில் அவளை முந்தினாள். இவோனில்டாவுக்கு இரண்டாமிடம். ஜெனிவால்டோவின் பனியன் போட்டவர்கள் நான்காவதும் ஆறாவதும். தபால்காரியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அன்று சாயங்காலமே அவளைத் தனியாக மோத வரச்சொல்லிச் செய்தி அனுப்பினாள் இவோனில்டா.