டச்சிங் வேண்டாம்

ஸ்டுடியோவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'டச்சப்'. பரு, தழும்பு, கருவளையம் எதுவானாலும் கணினித் திரையில் தடவித் தடவி எடுத்துவிடுவான். இருபது வருஷக் கைப்பழக்கம். தூக்கத்தில் எழுப்பி ஒரு முகத்தைக் காட்டினாலும் முதலில் மருவைத்தான் தேடுவான்.

அந்தக் கைதான் அவன் காலை வாரிவிட்டது.

ஒரு பெண் புகைப்படக் கலைஞர் தம் கண்காட்சிக்கு என்று பன்னிரண்டு படங்களைப் பெரிதாக அச்சிடக் கொடுத்திருந்தார். எல்லாம் ஆண்களின் முதுகு, கை, கழுத்து. எதிலும் முகம் இல்லை. இவன் பன்னிரண்டையும் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக்கி அச்சிட்டு வைத்தான். அவர் வந்து சுருளைப் பிரித்துப் பார்த்தவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காயமெல்லாம் எங்கங்க?"

"எடுத்துட்டேன் மேடம். ஒண்ணுகூட விடல."

"அதுக்காகத்தாங்க படமே எடுத்தேன். இவங்க எல்லாரும் வீட்ல பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறவங்க. நாளைக்குக் கண்காட்சி!"

அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பெண்டாட்டியிடம் அடி வாங்குவதை ஊர் உலகத்துக்குப் படம் போட்டா காட்டுவார்கள்? தப்பு தன் மேல் என்பதால் வாயை மூடிக்கொண்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தான்.

மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். நகக்கீறல், கன்றிப்போன விலா, வெந்நீர் பட்டுத் தோலுரிந்த தோள். ஒன்பதாவது படத்தில், ஒரு மேல்கையில் இஸ்திரிப்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. அதன் பக்கத்தில் பல் பதிந்த ஒரு பழைய தழும்பு. நடுவில் ஒரு பல் இடைவெளி. ஆறு வயதில், முன்பல் விழுந்த வாயால், மூன்று சக்கர சைக்கிளுக்காக அவனே கடித்த கடி.

அண்ணன்.

போன மாதம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அண்ணன் வந்தபோது கன்னம் கன்றியிருந்தது. "கதவுல இடிச்சிக்கிட்டேன்டா, கொஞ்சம் சரி பண்ணிடு" என்றான். "கதவா, அண்ணி கையா?" என்று இவன் கேலி செய்ய, ஸ்டுடியோவே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தான். கன்னத்தைத் துடைத்துக் கொடுத்ததும் இவன்தான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

படங்களை உள்ளது உள்ளபடி அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அண்ணனைத் தேடிப் போனான். அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மதிய வேளையில் வேனை நிழலில் போட்டுவிட்டுப் பின்சீட்டில் படுத்திருப்பான்.

"அந்தக் கண்காட்சி மேடம் எடுத்ததுல ஒன்பதாவது படம் நீதானே?"

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"சிரிச்சியாடா?"

"மொதல்ல சிரிப்பு வந்துச்சு. உன் கையப் பாத்தப்புறம் வரல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இவன் தோளைத் தொடப் போய், எங்கே வலிக்குமோ என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"நம்ம வீட்டுக்கு வந்துடு அண்ணே."

"துணிமணியெல்லாம் அங்க இருக்கேடா. எடுக்கப் போனா..." ஊர்ச் சண்டைக்கெல்லாம் முன்னால் நிற்கிற அண்ணன், சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நானும் வரேன். இப்பவே போலாம்."

"ஸ்கூல் பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டுப் போலாம். நாலரை ஆயிடும்" என்றான் அண்ணன். "அதுவரைக்கும் நீ கூடவே இருடா."