ஜன்னலில் வெள்ளைத் துணி

இரண்டு மாதமாக அந்தத் தெருவில் நர்ஸம்மா ஏறி இறங்காத வீடு இல்லை. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். மாத்திரை, மருந்துச் சீட்டு, டார்ச் லைட் எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதல் வண்டி. எல்லோரும் கிளம்பியதும் தெருப்பக்க ஜன்னலில் உயரமாக ஒரு வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி தெரிந்தால் படகு அங்கே நிற்காமல் ஆள் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும். நாய் பூனைக்கு முகாமில் இடமில்லை என்பது மேலிடத்து உத்தரவு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, தெருவில் திட்டு வாங்கியது இவள்தான்.

இத்தனைக்கும் அவள் வீட்டிலேயே ஒரு நாய் இருந்தது. அண்ணனுடைய நாய். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் அதட்டுவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போய் மூன்று வருடம். கோலை ஊன்றி மெல்ல நடப்பார். அவர் எங்காவது தடுக்கி விழுந்தால் மேனேஜர்தான் குரைத்து ஆள் கூட்டும்.

அன்று காலை தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே வேன் வந்துவிட்டது. அண்ணன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அசையவே இல்லை.

"அண்ணே, மேனேஜர் அடுத்த வண்டியில வருவான். நான் சொல்லி வச்சிருக்கேன். நீ ஏறு."

வாய் கூசாமல் சொன்னாள். அடுத்த வண்டியாவது மண்ணாவது! ஊருக்கே உபதேசம் செய்தவள் வீட்டு நாய் மட்டும் வேனில் ஏறினால் நாலு பேர் சும்மா இருப்பார்களா? நாயை உள்ளே விட்டு, கட்டில்மேல் சோறு வைத்து, கதவுக்கு வெளித்தாழ் போட்டாள். ஜன்னலில் துணியைக் கட்டினாள்.

முகாம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அண்ணன் கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்தார். அவள் நோட்டும் கையுமாக அந்த வழியே இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் பார்த்தும் பாராதவள்போல் நகர்ந்தாள்.

மதியம் மாத்திரை கொடுக்க வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

"அப்பவே போயிட்டாரேம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த தையல்காரி. "நாலு வண்டி பாத்தாரு. அப்புறம் கோலை எடுத்துட்டு வீட்டுப் பக்கம் நடந்தாரு, அப்ப தண்ணி இவ்வளவு ஏறல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறாருன்னு நெனச்சேன்."

ஓடினாள். தெருமுனையில் தண்ணீர் மார்பளவு சுழித்துக்கொண்டிருந்தது. ஆட்களை இறக்கிவிட்டு ஒரு படகு திரும்பத் தயாராக நின்றது.

"தம்பி, எங்க வீட்டுக்குப் போ! அண்ணன் உள்ள இருக்காரு!"

படகுக்காரன் விழித்தான். "உங்க வீட்டுலயா? ஜன்னல்ல வெள்ளைத் துணி இருந்துச்சேக்கா."

"நான்தான்டா கட்டினேன், பாவி! அவரு திரும்பிப் போயிட்டாரு. வாயில்லாத மனுஷன், கூப்பிடக்கூட முடியாது!"

அவன் முகம் வெளிறியது. "ஒரு நாய் விடாம குரைச்சுதுக்கா. ரெண்டு தடவ அந்தப் பக்கம் போனோம், ரெண்டு தடவையும் கத்திக்கிட்டே இருந்துச்சு. நாய்க்காக நின்னா மனுஷ உசுரு போயிடும்னு நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்." அவள் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பற்றி ஏறினாள். "இன்னும் குரைக்குதா?"

அவன் மோட்டார் கயிற்றை இழுத்தான். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான்.

"இப்ப வரும்போது சத்தமே இல்லக்கா. நீந்தி எங்கயாவது போயிருக்கும்னு நெனச்சோம்."

அண்ணனை விட்டுவிட்டு மேனேஜர் எங்கும் நீந்திப் போகாது என்று அவளுக்குத் தெரியும்.