ஐம்பத்திரண்டு மணித்தியாலக் கூழ்

ஐம்பத்திரண்டு மணித்தியாலமாக அந்தப் பானை அடுப்பை விட்டு இறங்கவில்லை. புதன் காலை எட்டு மணிக்கு ஏற்றியது. இன்று வெள்ளி, மதியம் பன்னிரண்டு.

வெக்ஸ்போர்ட் என்ற ஐரிஷ் ஊரில், எங்கள் விருந்து மண்டபத்தில் முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சாப்பாடு போடுகிறார்கள். தரையில் வைக்கோல். முள்ளுக்கரண்டி கிடையாது. தட்டுக்குப் பதில் தடித்த பாண், அதாவது ரொட்டித் துண்டு. மேசைக்கு ஒரே கிண்ணம். வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுவார்கள். அண்ணாந்து குடித்துப் பழகிய நான் முதல் வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விளிம்பில் ஒட்டிய உதட்டுச்சாயத்தையும் கொழுப்பையும் கழுவுவது என் வேலை.

அந்தக் காலத்துக் கூழ்ப்பானை காலியாவதே இல்லையாம். தீரத்தீர எதையாவது போட்டு நிரப்புவார்களாம். முதலாளி இதை வாசல் பலகையில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். எதைப் போடுவது என்று எழுதவில்லை. இரண்டு நாளாக மேசைகளிலிருந்து திரும்பிய ஊறின பாணும் கடித்து வைத்த ஆட்டிறைச்சியும் அதற்குள் போயின. ஒரு துண்டில் பல் பதிந்திருந்தது. அடுப்பும் ஒழுங்காக எரிவதில்லை. கூழுக்குள் விரலை விட்டாலும் சுடாது. அந்த இளஞ்சூட்டில் என்ன கிருமி வளரும் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அதைத்தான் வளர்த்தோம்.

சமையல்காரர் பேனாட் அண்ணைதான் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். மிச்சத்தைப் பானையில் போடச் சொன்னவரும் அவர்தான்.

"அண்ணை, இண்டைக்கு வாறது பள்ளிக்கூடப் பிள்ளையள். புதுசா வைப்பமே?"

"வைக்கலாம். முதலாளி புது இறைச்சி தரேல்லை. உன்ர அப்பரே அனுப்புறார்?"

"உது எச்சில் அண்ணை."

"ராணியின்ர காலத்திலை மிச்சத்தை வாசல்லை நிண்ட பிச்சைக்காரருக்குக் குடுத்தவங்களாம். இஞ்சை வாசல்லை ஆர் நிக்கினம்? கார்தான் நிக்குது." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாயைத் திறந்திடாதை பிள்ளை. என்ர மனுசி நாலு வருசமா கொழும்பிலை லொட்ஜிலை கிடக்கிறாள். அவளை இஞ்சை கூப்பிட எனக்கு இந்த வேலை வேணும்."

இருபத்தெட்டுப் பிள்ளைகள் ராணி காலத்துக் காகிதக் கழுத்துப்பட்டைகளோடு வந்து அமர்ந்தார்கள். நான் பரிமாறினேன். ஒரு சிறுமி முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் இதைத்தான் குடித்தார்கள். கொஞ்சம் ருசித்துப் பார்," என்றார் ஆசிரியை.

சிறுமி கிண்ணத்தைத் தூக்கினாள். நான் உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினேன். கூழ் விரல்களில் பிசுபிசுத்தது.

"குடிக்க வேண்டாம்," என்றேன் ஆங்கிலத்தில். "ஒருவரும் குடிக்க வேண்டாம்."

"ஏன்?" என்றார் ஆசிரியை.

"மற்றவர்கள் கடித்த மிச்சம் இதற்குள் இருக்கிறது."

"பிள்ளை, உள்ளை வா!" பேனாட் அண்ணை சமையலறைக் கதவடியில் நின்றார். வெள்ளைத் தொப்பி, வெளிறிய முகம். ஆசிரியை அவரைத்தான் பார்த்தார்.

"யார் போட்டது?"

அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

"நான்," என்றேன். "அவர் போடச் சொல்லவில்லை. மேசை துடைக்கும்போது இரண்டு நாளும் நான்தான் அள்ளிப் போட்டேன்."